குன்றுக்கு வெள்ளையடித்த கதை

எங்கள் குன்று ஒரு வைகாசி மத்தியானத்தில் எரிந்தது. யாரோ வீசிய பீடித்துண்டு என்றார்கள், இடி விழுந்தது என்றார்கள். காரணம் எதுவானாலும் காற்று அதைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடியது. வேப்பந்தழையும் ஈரச்சாக்குமாக ஊரே அடித்து அணைத்தபோது, சாலவாக்கம் சாலையிலிருந்து பார்த்தால் அடுப்பில் மறந்துபோன தோசை மாதிரி கிடந்தது குன்று. வீடுகள் தப்பின. புல் தப்பவில்லை.

என் நைனாவின் பிழைப்பே அந்தப் புல்தான். மார்பளவு வளர்ந்து காய்ந்ததும் அறுத்துக் கட்டி, கூரை வேயச் சுற்றூர்களுக்கு விற்பார். இனிப் பெங்களூரில் கட்டட வேலைதான் என்று ஒரு பையைத் துவைத்துக் கொடியில் போட்டார். காற்றில் அது ஆடும்போதெல்லாம் நான் முறைப்பேன்.

சாம்பல் பறந்து தீர்ந்ததும் குன்று தன் மடியில் வைத்திருந்ததைக் காட்டியது. வட்டம் வட்டமாகப் பாறைகள், யாரோ உட்காரவைத்துவிட்டுப் போனதுபோல. வண்டியில் அந்தப் பக்கம் போன ஒரு கல்லூரி டீச்சரம்மா ஏறிப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்க இறங்கிவந்து சொன்னார்: அரசர் பெயரெல்லாம் கல்லில் எழுதத் தொடங்குவதற்கும் முன்னால் செத்தவர்களின் சமாதிகளாம்.

அதற்கப்புறம் உத்திரமேரூருக்குக் கல்வெட்டு பார்க்க வந்தவர்கள் ஞாயிறுகளில் இங்கேயும் எட்டிப்பார்த்தார்கள். அம்மா குன்றடியில் கீற்றுப்பந்தல் போட்டு டீயும் மசால்வடையும் விற்க ஆரம்பித்தாள்.

"இந்த ஆள் நடமாட்டம் நின்னு புடிச்சா நா எதுக்குப் பெங்களூரு போறேன்? பாப்போம்" என்றார் நைனா. பை கொடியிலேயே இருந்தது.

டீச்சரம்மா சொல்லியனுப்பினார்: ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ் நிறைய ஆட்கள் வருகிறார்கள். ஊருக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது. அம்மாவின் தம்பி, என் மாமன், வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவர். அவருக்குத்தான் அந்த யோசனை உதித்தது.

"வூட்டுக்கு விருந்தாளி வராங்க, இப்டிக் கரி பூசிக்கினு நின்னா ஊரு மானம் இன்னா ஆவறது?"

சமாதி என்றால் வெள்ளையடிப்பதுதான் முறை, கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் அடிப்பதில்லையா என்றது மாதாகோயில் தெரு. காவிப்பட்டை இல்லாமல் அதென்ன வெள்ளை என்றது அம்மன்கோயில் தெரு. எதிலுமே ஒத்துப்போகாத இரண்டு தெருக்களும் அன்று ஒத்துப்போயின. வெள்ளையும் உண்டு, காவியும் உண்டு. சனிக்கிழமை சாய்வதற்குள் சாம்பல் குன்றின்மேல் சின்னச்சின்னக் கோயில் சுவர்கள் முளைத்துவிட்டன. அவ்வளவு அழகை நான் அதுவரை பார்த்ததில்லை.

பஸ் வந்தது. டீச்சரம்மா இறங்கினார், பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு பண்ணது இது?"

மாமன் மார்பை நிமிர்த்தி முன்னால் வந்தார். "நாந்தாம்மா! ரெண்டு கோட்டு."

தொடாமல் இருந்தால்தான் அந்தக் கல்லுக்கு மதிப்பு என்று டீச்சரம்மா விளக்கினார். வந்தவர்கள் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவின் பால் பொங்கி வழிந்தது, அவள் கவனிக்கவில்லை. நைனா எங்கள் வீட்டுக் கொடி இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமன்தான் வாயைத் திறந்தார். "அடிக்கத் தெரிஞ்சவனுக்கு அலம்பத் தெரியாதாம்மா? நேத்து அடிச்சதுதான், இன்னும் ஊறல. நாரும் தண்ணியும் இருந்தா வுட்ரும்."

சுரண்டவே கூடாது என்று பலமுறை எச்சரித்துவிட்டு டீச்சரம்மாவே முதல் தேங்காய்நாரை எடுத்தார். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு பட்டணத்துப் பிள்ளைகள் ஏரிக்கும் குன்றுக்கும் குடம் சுமந்தார்கள். இடுப்பில் குடம் நிற்காமல் நனைந்தவர்களைப் பார்த்து எங்கள் தெருப் பெண்கள் சிரித்த சிரிப்பில் பாதி வெள்ளை தானாகவே கரைந்திருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள் பொழுது சாயும்வரை இருந்தார்கள். வடை தீர்ந்தது, டீத்தூள் தீர்ந்தது, வீடுவீடாகக் கூழும் கருவாட்டுக் குழம்பும் குன்றேறின.

"பேஜாராப் பூடுச்சின்னு நெனச்சேங்க்கா, யாவாரம் பிச்சிக்கினு போவுது!" என்றார் மாமன்.

"வாய மூடிக்கினு தண்ணி தூக்குடா, எரும!" என்றாள் அம்மா, சிரிப்பை அடக்கமாட்டாமல்.

இடுக்குகளில் வெள்ளை மிச்சமிருந்தது. அதைச் சாக்காக வைத்து அடுத்த ஞாயிறும் வந்தார்கள், அதற்கடுத்ததும், நண்பர்களைக் கூட்டிக்கொண்டு. ஒருநாள் கொடியில் பையைக் காணோம். அடுப்படியில் இருந்தது, வெங்காயத்தோடு.

ஆவணியில் மழை கொட்டியது. பத்தே நாளில் குன்று பச்சையாகப் பீறிட்டது. நான் குதித்தேன், ஆடுகள் குதித்தன. அம்மா மட்டும் பந்தலில் நின்றபடி, புல்லுக்குள் முங்கத் தொடங்கிய கற்களைப் பார்த்துக்கொண்டே டீ ஆற்றினாள்.

மறுநாள் காலை நைனா அரிவாளோடு ஏறினார். கல்வட்டங்களைச் சுற்றி மட்டும் இளம்புல்லை அடியோடு அறுத்துத் தள்ளினார். எனக்குப் பதறியது.

"நைனா, இது முட்டி ஒசரங்கூட வரலயே, கூரைக்கு ஆவாதே!"

"ஆட்டுக்கு" என்றார், நிமிராமல்.

அம்மா யாரும் கேட்காமலேயே டீ எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். அறுபட்ட புல்லைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஆட்டுக்கா?"

"ஆட்டுக்குத்தான்."

இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள், டீ தளும்ப. எங்கள் ஆடுகளோ உச்சியில் வேறு புல்லை மேய்ந்துகொண்டிருந்தன. இந்தப் பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை. புல்லைத் தவிர வேறு தொழில் அறியாத மனிதர், முற்றவிட்டால் விற்கக்கூடியதைப் பச்சையாக அறுத்துப் பாழாக்குகிறாரே, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நான் முறைத்துக்கொண்டு நின்றேன்.