ஒருத்தருக்கா, எல்லாருக்குமா?

அவனுடைய கம்ப்யூட்டர் திரையின் கீழ் விளிம்பில் ஒரு மஞ்சள் ஒட்டுச்சீட்டு இருந்தது. நீல மையில், சாய்ந்த எழுத்தில், 'ஒருத்தருக்கா, எல்லாருக்குமா?' என்று கேட்கும். அவன் போன பிறகு அந்த நாற்காலிக்கு யாரும் வரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்றாம் மாடி அலுவலகம் அது. ஏசி காற்றில் சீட்டின் ஒரு முனை மட்டும் படபடத்துக்கொண்டே இருக்கும்.

நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்து இருக்கை. கம்பெனிகளின் ஊழியர் விவரங்களையும் இன்ஷூரன்ஸ் அட்டைகளையும் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் எங்களுடையது. ஊழியருக்குள் குடும்பம், குடும்பத்துக்குள் ஆட்கள், ஒவ்வொரு ஆளுக்குள்ளும் அவர் நிலை என்று பெட்டிக்குள் பெட்டியாக இருக்கும். எல்லாவற்றையும் பிரித்து, ஒன்றை மாற்றி, திரும்ப அடுக்க நான் ஒரு பக்கம் எழுதுவேன். அவன் ஒரே வரியில் முடிப்பான். உள்ளே போகும் வழியைப் புள்ளி வைத்து வைத்து எழுதி, கடைசியில் ஒரு புள்ளியும் ஒரு நெளிகோடும் போட்டு, புது மதிப்பைச் சொன்னால் தீர்ந்தது. வழியில் 'முதல் ஆள்' என்று எழுதினால் அந்த ஊழியர் ஒருவர் மட்டும் மாறுவார். 'ஒவ்வொருவரும்' என்றால் குடும்பத்தில் அத்தனை பேரும் மாறுவார்கள். கம்ப்யூட்டருக்கு இரண்டுமே சரிதான், வாயைத் திறக்காது. அதனால்தான் அந்தச் சீட்டு.

"நாம எதையும் மாத்தல மாமே," என்பான் டீ குடிக்கும்போது. "புதுசா ஒண்ணு செஞ்சு பக்கத்துல வெக்கிறோம். பழசு அப்படியே உள்ள கீது." பெரிய தத்துவம் என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழவில்லை. பத்தாம் நாள், எங்கள் அலுவலக இன்ஷூரன்ஸ் பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே 'இறந்தவர்' என்று மாற்றச் சொன்னார்கள். வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. அவன் பாணியிலேயே ஒரே வரியில் எழுதினேன். கண்ணில் நீர் முட்டி நின்றது. பக்கத்துத் திரையை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவன் மனைவி போன் செய்தாள். "அண்ணா, பாப்பாவுக்கு ஜுரம் ஏறி ஃபிட்ஸ் வந்துடுச்சு. ஆவடியில ஆஸ்பத்திரில கீறோம். அட்டை நம்பரைப் போட்டா பாப்பா செத்துட்டான்னு வருதாம். நானும் செத்துட்டேனாம். கவுன்டர்ல இருக்கிற பொண்ணு என்னையே ஒரு மாதிரி பாக்குது. அட்மிஷன் போட மாட்டேங்கிறாங்க." பின்னால் குழந்தை முனகுவது கேட்டது.

முந்தின நாள் எழுதிய வரியைத் திறந்து பார்த்தேன். 'ஒவ்வொருவரும்' என்று எழுதியிருந்தேன். ஒரே வரியில் மூன்று பேரையும் கொன்றிருந்தேன். புதிதாக எழுதத் துணியவில்லை. பழைய பதிவு உள்ளே அப்படியே இருந்தது, அதை எடுத்து மேலே வைத்தேன். அவன் பெயரோடு சேர்த்து மூன்று பெயர்களும் உயிரோடிருப்பவர்களுக்கான பச்சையில் வந்தன. குழந்தையைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பத்து நிமிடத்தில் மறுபடியும் போன். அவள் குரலே மாறியிருந்தது. "அண்ணா, அவர் போன் என் பையிலதான் கீது. அதுல இப்ப மெசேஜ் வந்துச்சு. வணக்கம், உங்கள் அட்டை மீண்டும் செயல்பாட்டுக்கு வந்துவிட்டதுன்னு, அவர் பேரைப் போட்டு. தப்புன்னு தெரியும்ணா. பாப்பா கண்ணு முழிக்கிற வரைக்கும் அவரை அப்படியே விட்டு வெக்கிறீங்களா?"

விட்டு வைத்தேன். விதிப்படி அது குற்றம். அன்று பகல் முழுவதும் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது என்று என்னால் நம்ப முடியவில்லை. சீட்டு படபடக்கும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பயமாக இருந்தது. அவன் வந்து உட்கார்ந்தால் தேவலை என்றும் இருந்தது.

மாலை ஐந்தரைக்கு, "முழிச்சுக்கினா அண்ணா, தண்ணி கேட்டா" என்றாள். போனை வைக்கவில்லை. பிறகு, "இப்ப எழுதிடுங்க" என்றாள். சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு 'முதல் ஆள்' என்று எழுதினேன். மறுமுனையில், அவள் பைக்குள் அவன் போனில் மெசேஜ் வந்த ஒலி எனக்கும் கேட்டது.

அந்தச் சீட்டு இப்போது என் திரையில் ஒட்டியிருக்கிறது. பதிவுகளின் வரிசையைத் திறந்தால் அந்தப் பகலும் இருக்கிறது. இறந்து பதினோராம் நாள், காலையிலிருந்து மாலை ஐந்தரை வரை, அவன் பெயர் பச்சையில். தணிக்கைக்கு வந்தவர் அதை நீக்கச் சொன்னார். நீக்க வழியில்லை என்று பொய் சொன்னேன். வழி உண்டு, ஒரே வரிதான். சீட்டின் முனை படபடக்கிறது. நான் எழுதுவதாக இல்லை.