இருபத்து நான்கு பொட்டு

அந்த ஆயுத பூஜை அன்று கிணற்றடியில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான என் மாமா, நான். இல்லாதவர் ஒருவர்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து வந்து எங்கள் சோலார் பம்பைப் பார்த்துவிட்டுப் போகும் மெக்கானிக். பூஜைக்கு மெக்கானிக்கை யார் கூப்பிடுவார்கள்? ஆனால் அன்று அவர் ஐந்து நிமிஷம் வந்து நின்றிருந்தால் போதும் என்று பிற்பாடு எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

எங்கள் நிலம் சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரகடம் போகும் பக்கம், ஏரிக்குக் கீழே இருந்தது. கிணறு உண்டு, கரண்ட் இல்லை. மின்சார மோட்டாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். மானியத்தில் சோலார் பம்பு தருகிறார்கள் என்று படித்துச் சொன்னவன் நான்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்தவன். விண்ணப்பத்தை நான் நிரப்பினேன், அப்பா கைநாட்டு வைத்தார்.

வந்த பம்புக்கு இருபத்து நான்கு கண்ணாடித் தகடுகள். இரண்டு பெரிய இரும்புச் சட்டங்களில் பன்னிரண்டு பன்னிரண்டாக மாட்டியிருந்தது. அது தானாகச் சூரியனைப் பார்த்துத் திரும்பாது. காலையில் கிழக்கே, உச்சியில் வானத்தைப் பார்த்து, வெயில் சாய்ந்ததும் மேற்கே என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை நாம்தான் திருப்ப வேண்டும். சட்டத்துக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் நான். கொக்கியைக் கழற்றி, தள்ளி, மறுபடி மாட்டுவோம். "மாட்டுக்கு மூணு வேள தண்ணி காட்ற மாரி இதுக்கு வெயில் காட்டணும்" என்பார் அப்பா.

மெக்கானிக் திருநெல்வேலிக்காரர். பம்பைப் பொருத்திய அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றைச் சொன்னார். "தம்பி, இதுல எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்துருக்கு, பாத்துக்கோ. ஒரு காக்கா எச்சம் விழுந்தாலும் விடக் கூடாது. ஒரு எடத்துல வெயில் மறைஞ்சா அந்த வரிசைக்கே கேடு."

நான் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டேன். தினமும் காலையில் ஏணி போட்டு ஏறி ஈரத்துணியால் துடைப்பேன். வரப்பு ஓரத்து வேம்பின் நிழல் சாயங்காலம் கடைசித் தகட்டின் மூலையைத் தொடுகிறது என்று, அம்மா திட்டத் திட்ட இரண்டு கிளையை வெட்டிப் போட்டேன். மறைமலை நகரில் ஆறு மாத கான்ட்ராக்ட் முடிந்து கம்பெனி வெளியே அனுப்பியிருந்த காலம் அது. எனக்கும் வேறு வேலை இல்லை.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. ஏரியில் மாடு மேய்ந்தது. சுற்றியிருந்த நிலங்களில் பாதி கைமாறி, கல் நட்டு முள்கம்பி இழுத்திருந்தார்கள். மாமா நிலம் வாங்கி விற்பவர்களுக்கு ஆள் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் நிலத்துக்கும் ஒரு பார்ட்டியை வைத்திருந்தார்.

"இன்னா மாமா, இன்னும் எத்தினி நாளைக்கு இந்தக் கண்ணாடிய இப்டியும் அப்டியும் திருப்பிகினு இருக்கப் போற?" என்று அப்பாவிடம் கேட்பார். "பக்கத்துல எல்லாரும் குட்த்துட்டான். நடுவுல நீ மட்டும் நெல்லு நட்டுகினு குந்திகினு கீற. நாளைக்கு வண்டி போவக் கூட வழி வுட மாட்டான்."

அம்மாவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தம்பி பக்கம் சாய்ந்துகொண்டிருந்தாள். பூஜைக்கு நான்கு நாள் முன்னால் அப்பா ஒரு வார்த்தை விட்டார்.

"மச்சான், நெல்லு நல்லா தூரு கட்டிகீது. இந்தப் போகம் வூட்டுக்கு வந்துச்சின்னா, இந்தப் பேச்ச நீ மறுபடி எடுக்கவே கூடாது. வரலன்னா நீ காட்ற எடத்துல கை வெக்கிறேன். போதுமா?"

"போதும் மாமா. அக்கா, கேட்டுக்கோ, நீதான் சாட்சி."

இப்படித்தான் ஏரிக்குக் கீழே இருந்த எங்கள் மொத்த நிலமும் ஒரு போகத்து நெல்லின்மேல் வந்து நின்றது. எனக்குப் பயமில்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தது, பம்பு நன்றாக ஓடியது, தகடு துடைக்க நான் இருந்தேன்.

ஆயுத பூஜை அன்று மண்வெட்டி, அரிவாள், மாமாவின் வண்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். பம்புக்கு மாலை போட்டோம். அப்பா சந்தனத்தில் மஞ்சள் கலந்து கெட்டியாகக் குழைத்து, கீழ் வரிசைத் தகடு ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று விரலால் பட்டை இழுத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். மேல் வரிசைகளுக்கு அவருக்குக் கை எட்டவில்லை.

"ஏணி மேல ஏறுடா. ஒண்ணும் வுடாத. ஒண்ணுக்கு வெச்சி ஒண்ணுக்கு வெக்காம இருக்கக் கூடாது."

ஏறினேன். ஒன்றையும் விடவில்லை. இருபத்து நான்குக்கும் பொட்டு. மாமா கீழே நின்று, "டேய், எலக்ட்ரீஷியன் கையால வெச்சா இன்னும் ரெண்டு இஞ்சு தண்ணி சேந்து வரும்டா" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

பூஜையில் வைத்த பொட்டை எங்கள் பக்கம் யாரும் துடைப்பதில்லை. அதுவாகக் காய்ந்து உதிர வேண்டும், இல்லையென்றால் மழையில் கரைய வேண்டும். நானும் துடைக்கவில்லை. மறுநாளும் ஏணி போட்டு ஏறினேன். காக்கை எச்சத்தைத் துடைத்தேன், புழுதியைத் துடைத்தேன். சந்தனத்தின்மேல் துணி படாமல் அதைச் சுற்றி வளைத்துத் துடைத்தேன்.

தண்ணீர் குறைந்தது. முதல் நாள், வானம் மூடாக்காக இருப்பதால் என்று நினைத்தேன். மேகம் வந்து வந்து போனது, ஒரு தூறல் விழவில்லை. வெயில் நன்றாக அடித்த நாளிலும் குழாயில் பாதித் தண்ணீர்தான் வந்தது. மோட்டாரைக் கழற்றி, உள்ளே தேய்ந்திருந்த கார்பன் கட்டையை மாற்றினேன். கிணற்றுக்குள் இறங்கி, குழாயின் அடி முனையிலிருந்த ஃபுட் வால்வைக் கழுவினேன். ஒயர் ஒவ்வொன்றையும் சுரண்டி முறுக்கினேன். ஐ.டி.ஐ.யில் சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் செய்தேன். தலைக்கு மேலே மட்டும் பார்க்கவில்லை.

"இன்னாடா கீது அதுல?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார்.

"பாத்துகினுதாம்பா கீறேன்."

படப்பைக்குச் சைக்கிளில் போய், பூத்திலிருந்து கம்பெனி ஆபீசுக்கு நான்கு தடவை போன் செய்தேன். மூன்று வாரம் கழித்து மெக்கானிக் வந்தார். பஸ் இறங்கி வரப்பில் நடந்து வந்தவர், மோட்டார் பக்கமே போகவில்லை. தூரத்திலேயே நின்றுவிட்டார்.

"யாரு தம்பி இத வச்சது?"

"பூஜைக்கு... எல்லாத்துக்கும் வெக்கிறதுதான சார்."

"ஏலேய், காக்கா எச்சம் விழக் கூடாதுன்னு சொன்னேன்லா? எச்சத்துக்கும் சந்தனத்துக்கும் சூரியனுக்கு வித்தியாசம் தெரியுமால?"

அவரே ஏணியில் ஏறினார். சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் பெயர்த்தார். அடியில் கண்ணாடிக்குள்ளே, தீய்ந்த தோசையின் நிறத்தில் ஒரு வட்டம். அடுத்ததிலும் அப்படியே. வெயில் விழாத அந்த இடம் மற்ற இடங்களின் கரண்டையெல்லாம் தன்மேல் வாங்கி உள்ளுக்குள் வெந்துவிட்டது என்றார். சிலவற்றில் கண்ணாடியே கீறல் விட்டிருந்தது. வரிசைக்கு ஒன்றாவது போயிருந்தது. கணக்கெடுத்தால் ஒன்பது செத்திருந்தன.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. "சாமிக்கு வெச்சதயா குத்தம் சொல்றீங்க?"

"குத்தம் சொல்லலம்மா. எம்மேலயும் தப்பு இருக்கு. பூசைக்குப் பொட்டு வைக்காதீயன்னு சொல்ல எனக்குத் தோணலியே" என்றார் அவர்.

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கை எட்டாமல் அவர் வைக்காத பொட்டுகளையும் ஏறி வைத்தவன், படித்தவன், நான்.

மிச்சமிருந்த தகடுகளை மாற்றிக் கோத்துவிட்டு, அந்த அளவுத் தகடு இப்போது வருவதில்லை, ஆபீசில் எழுதிப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போனார். அதன்பிறகு பதில் வரவில்லை. மிச்சத் தகடுகளின் கரண்ட் மோட்டாரைச் சுற்றத்தான் போதுமாயிருந்தது, குழாயில் கை கழுவுகிற அளவுக்கே தண்ணீர் வந்தது. முதல் பாத்தியை நனைப்பதற்குள் வெயில் சாய்ந்துவிடும். நெல்லில் கதிர் வெளியே வருகிற சமயம் அது.

மாமா கெட்டவர் இல்லை. அவரே எங்கிருந்தோ ஒரு டீசல் என்ஜினை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "போட்டி வேற, பயிரு வேற மாமா. பயிரு காயறத பாத்துகினு இருக்க முடியாது." மூன்று பேருமாக அதைக் கிணற்றடியில் இறக்கி, குழாயைக் கிணற்றுக்குள் விட்டோம். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. கடைமடை வரைக்கும் பாய்ந்தது. அப்பா வாய்க்காலில் இறங்கி நின்று சிரித்தார். அந்த வருஷம் அவர் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

மூன்றாம் நாள் என்ஜின் சேற்றை இழுத்தது.

சோலார் பம்பு நாள் முழுக்க மெதுவாக இறைக்கும். அது இறைக்கும் அளவுக்குக் கிணற்றில் ஊற்றும் சுரந்துகொண்டே இருக்கும். டீசல் என்ஜினுக்கு அந்தப் பொறுமை இல்லை. மழை இல்லாத வருஷத்துக் கிணற்றில் இருந்ததை இரண்டு நாளில் உறிஞ்சி எடுத்துவிட்டது. ஊற்று தேறட்டும் என்று ஒரு வாரம் விட்டுப் பார்த்தோம். முழங்கால் அளவுகூட ஏறவில்லை.

கதிர்கள் வெளியே வந்தன. பால் பிடிக்கவில்லை. கையில் உருவிப் பார்த்தால் எல்லாம் பதர், ஊதினால் பறந்தது. அறுக்க ஆள் கூப்பிடவில்லை, மாட்டை அவிழ்த்துவிட்டோம்.

அந்த நாட்களிலும் அப்பா மூன்று வேளையும் போய்ச் சட்டத்தைத் திருப்பினார். பம்பின் ஸ்விட்சை நான் அணைத்து வைத்திருந்தேன், அது அவருக்கும் தெரியும்.

"எதுக்குப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்தப் பக்கம் புடி" என்றார். பிடித்தேன். மேற்கே திருப்பி வைத்தோம்.

தை மாதம் மாமா வந்து வாசலில் நின்றார். அப்பாவே சட்டையை மாட்டிக்கொண்டு, "வா மச்சான்" என்றார்.

பதிவு அலுவலகத்தில் பத்திரத்தைப் படித்துக் காட்டச் சொல்லி அப்பா என்னிடம் கொடுத்தார். நான்கெல்லைகள், கிணறு, வேம்பு எல்லாம் அதில் இருந்தன. நிறுத்தி நிதானமாக, ஒரு வரி விடாமல் படித்தேன். பக்கத்தில் நின்ற எழுத்தர், "புள்ள நல்லா படிக்கிறானே" என்றார். அப்பா தலையை ஆட்டிவிட்டுப் பெருவிரலை நீட்டினார்.

இருபத்து நான்கு பொட்டுக்கு எங்களுக்கு ஆன செலவு, கிணற்றோடு சேர்த்து, ஒரு ஏக்கர் பதினான்கு சென்ட்.