நிபுணரின் முதுகுக்குப் பின்னால்

குடிக்காத, சீட்டாடாத புருஷன் வாய்க்க அவள் கொடுத்து வைத்தவள் என்று சொன்ன வாயையெல்லாம் அந்த மீன்தொட்டித் தண்ணீரில் ஒரு மடக்கு எடுத்துக் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். அப்புறம் பேசட்டும்.

தொட்டி இருந்தது வீட்டின் சின்ன அறையில். கதவைத் திறந்தாலே நாற்றம் வாசலுக்கு வந்து வரவேற்கும். ஊறி அழுகின தீனியும், காயாமல் மடித்து வைத்த துணியும் சேர்ந்தால் வருமே, அந்த நாற்றம். கண்ணாடியின் உட்புறம் பாசி சளிபோல வழவழவென்று படிந்திருந்தது. அதற்குள் எங்கோ ஒரு தங்கமீன் உயிரோடு இருந்தது. தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார் அவள் புருஷன். ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக். உட்கார்ந்து என்ன செய்வார்? மீன்தொட்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி என்று முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. ஆபரேஷனுக்குப் போய்வந்த கத்தி, கத்தரி, இடுக்கிகளைக் கழுவி, நீராவியில் வைத்துக் கிருமி போக்கி, துணியில் கட்டி அனுப்புகிற பிரிவு. ரத்தமும் சீழும் ஒட்டின சாமான்களைத் தொட்டு அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. வீட்டுக்கு வந்து அந்த அறையைத் தாண்டும்போதுதான் முந்தானை மூக்குக்குப் போகும். ஆஸ்பத்திரி அழுக்கு கழுவினால் போய்விடும். கழுவக்கூடாது என்று ஒரு ஆள் காவல் காக்கிற அழுக்கை என்ன செய்வது?

ஆரம்பத்தில் எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மீன் மகளுடையது. பள்ளிக்கூட நாளில் அடம்பிடித்து வாங்கி, குண்டன் என்று பெயர் வைத்து, தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கரும் ஒட்டி வளர்த்தாள். வேலை கிடைத்து வெளியூர் போகும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "குண்டன பாத்துக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்ச நாளில் குண்டன் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. பதறிப்போன அப்பா இணையத்தில் தேடி, மீன் வளர்ப்போர் மன்றம் ஒன்றில் சேர்ந்தார். யார் யாரோ வழி சொன்னார்கள். மீன் பிழைத்தது. வேலை செய்யும் இடத்தில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர் அன்றைக்கு வீடு முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிந்தார். அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பித்துப் பிடித்தது அங்கேதான். நன்றி சொல்லப் போனவர் அங்கேயே குடியேறிவிட்டார். முதலில் கேள்வி கேட்டார், பிறகு பதில் சொன்னார், பிறகு பதில் சொல்கிறவர்களோடு சண்டை போட்டார். தண்ணீரை வடிகட்டக் கரி நல்லதா பஞ்சு நல்லதா என்று மன்றத்தில் இரண்டு கட்சி. இவர் பஞ்சுக் கட்சி. கரிக் கட்சிக்காரன் ஒருவன் இவரை 'அரைகுறை' என்று எழுதிவிட்டான் என்று அன்று சாப்பாட்டைத் தொடவில்லை. பெற்ற தாய் திட்டினபோதுகூட அப்படி வாடியதில்லை. கடைசியில் இவரை மன்றத்தின் நெறியாளராக்கினார்கள். வேண்டாத பதிவை அழிக்கிற அதிகாரம், 'நீர்நிபுணர்' என்று ஒரு பட்டம். அதற்கப்புறம் நிபுணருக்குத் தண்ணீரைப் பார்க்க நேரமில்லை.

அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனால் கத்துவார்.

"கை வெக்காத! தப்பா மாத்தினா செத்துடும். உனக்கு அதெல்லாம் தெரியாது."

"அப்ப நீங்களாவது மாத்துங்க. நாத்தம் தாங்கல."

"ஞாயித்துக்கிழமை பாத்துக்கிறேன், போ."

ஞாயிற்றுக்கிழமைக்கா பஞ்சம்? வந்தன, போயின. தம்பியிடம் சொல்லி அழுதாள். அவன் சிரித்தான்.

"மாமா என்ன ஊர் சுத்துறாரா? வீட்லயேதான இருக்காரு. நல்ல பழக்கம்தானக்கா, விடு."

வீட்டிலேயே இருந்தார், உண்மைதான். மேசை நாற்காலியும் வீட்டிலேயேதான் இருந்தன.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாமல் போனது மகளுக்குச் சொன்ன பொய். "குண்டன் எப்படிப்பா இருக்கான்?" என்று மகள் கேட்கும்போதெல்லாம், தொட்டி பளிங்குபோல இருந்த காலத்தில் எடுத்து வைத்த படங்களில் ஒன்றை அனுப்பிவிடுவார். திரும்பிப் பார்த்தால் நிஜமான மீன் இருக்கிறது. திரும்புகிற சிரமம்கூடப் படவில்லை. ஒரு மாலை அவள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, குண்டன் வாலெல்லாம் கிழிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேலே வந்து காற்றைக் கவ்விக்கொண்டிருந்தது. அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தண்ணீரைப் பார்த்து வந்த அருவருப்பு இல்லை அது.

புருஷனிடம் வழி கேட்டால் கிடைக்காது. நிபுணரிடம் கேட்டால் கிடைக்குமே! மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், 'புதுசு' என்ற பெயரில் அவள் அந்த மன்றத்தில் சேர்ந்தாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. உதவி கேட்கிறவர் தொட்டியின் படத்தையும் தண்ணீரைச் சோதித்த அளவையும் போட வேண்டும். மீன் தேறினதும், நன்றிப் படம் என்று இன்னொன்று போட வேண்டும். சோதனைப் பட்டைகள் அலமாரியில் உறை பிரிக்காமலே கிடந்தன. அவற்றைப் பற்றி அவர் மன்றத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார், நனைத்துத்தான் பார்த்ததில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், அவர் வருவதற்குள் அவள் நனைத்துப் பார்த்து, பக்கவாட்டிலிருந்து படமும் எடுத்துப் போட்டாள்.

சாயங்காலம் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இங்க வந்து இந்தக் கொடுமையப் பாரேன்!"

போனாள். மூக்கைப் பொத்திக்கொண்டு, தொட்டிக்கும் அவர் நாற்காலிக்கும் நடுவில் நின்றாள். திரையில் அந்தத் தொட்டி.

"உவ்வே! இதெல்லாம் ஒரு வீடா? பாத்தாலே வாந்தி வருது. இப்படி வெச்சிருக்கிறவன் மனுஷனா?"

"யாரோட தொட்டிங்க அது?" கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தாள்.

"எவனோ புதுசாம்."

"ஓரத்துல என்னமோ பட்டாம்பூச்சி மாதிரி தெரியுதே?"

"அத ஏன் கேக்கற! கண்ணாடில ஸ்டிக்கர் ஒட்டுற பைத்தியமெல்லாம் மீன் வளக்க வந்துடுச்சு."

மகள் எக்கி நின்று, நாக்கைத் துருத்திக்கொண்டு, சுருக்கம் விழாமல் ஒட்டின ஸ்டிக்கர் அது. அவர் பின்கழுத்தில் ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று கை துடித்தது.

அவர் பதில் எழுதினார். குறை சொல்லக் கூடாது, அருமையான பதில். என்ன செய்ய வேண்டும், எதற்குப் பின் எது, எல்லாம் ஒரு குழந்தைக்குக்கூடப் புரிகிற மாதிரி. கூடவே, 'என்னிடமும் இதே அளவுத் தொட்டிதான், பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று முன்பக்கத்திலிருந்து எடுத்த பழைய பளிங்குப் படத்தையும் சேர்த்தார். முடிவில் எழுதினார்: 'உங்களால் பார்த்துக்கொள்ள முடியாது என்றால், பார்த்துக்கொள்கிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு உயிரைச் சித்திரவதை செய்யாதீர்கள்.' பாராட்டுகள் வந்து குவிந்தன. ஊருக்குத்தான் உபதேசம்.

அவள் வரிக்கு வரி கேட்டு நடந்தாள். விடுமுறை நாளில், அவர் வேலைக்குப் போனதும், அவர் எழுதின மாதிரியே தண்ணீர் பிடித்து வைத்து, குண்டனை மூடிபோட்ட வாளியில் எடுத்துக்கொண்டு, அவளோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற, எக்ஸ்ரே எடுக்கிற அக்காவின் வீட்டுக்குப் போனாள். அந்த அக்கா வீட்டிலும் ஒரு தொட்டி உண்டு.

"ஐயோ பாவமே, எவ பெத்த பாவிடி இத இந்தக் கதிக்கு ஆளாக்கினது?" என்றாள் அக்கா.

"என் மாமியார்தான்" என்று சொல்லிவிட்டு, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள்.

திரும்பி வந்து தொட்டியைக் காலி செய்தாள். ஊற்ற ஊற்றச் சாக்கடையே முகம் சுளித்திருக்கும். ஆபரேஷன் கத்தியைத் தேய்க்கிற தேய்ப்புத் தேய்த்தாள், ஸ்டிக்கரில் மட்டும் கை படாமல். துடைத்துக் காயவைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அவர் வரட்டும் என்று காத்திருந்தாள்.

வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"ஏதாவது சென்ட் அடிச்சியா? வாசனையா இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாளும் அவ்வளவுதான். அதற்கடுத்த நாளும். தண்ணீர் இல்லை, மீன் இல்லை, முதுகுக்குப் பின்னால் வெறும் கண்ணாடிப் பெட்டி. நிபுணர் திரும்பவில்லை. ஆனால் 'புதுசு'க்கு மட்டும் அவரிடமிருந்து தவறாமல் நினைவூட்டல் வந்தது: 'மீன் என்னாயிற்று? எல்லோரும் கவலையாக இருக்கிறோம். நன்றிப் படம் போடுவது மன்றத்தின் விதி.'

விதியை மீறக் கூடாதல்லவா? அறை வாசலில் நின்று, காலித் தொட்டியின் வழியாக ஒரு படம் எடுத்துப் போட்டாள். இந்தப் பக்கம் பட்டாம்பூச்சி. அந்தப் பக்கம் காலர் நைந்த சட்டை, வழுக்கை விழத் தொடங்கின பின்தலை, அதற்கும் அப்பால் மன்றம் திறந்திருக்கும் திரை.

நாற்காலி கிறீச்சிட்டது. திரையோடு முகத்தை ஒட்டிப் பார்த்தார். கை தன்னால் பின்தலையைத் தடவியது. பிறகு மெதுவாகத் திரும்பினார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தொட்டியைப் பார்த்தார். அவளையும் பார்த்தார்.

"குண்டன் எங்க?"

"நீங்க எழுதின மாதிரியே செஞ்சேன். பாத்துக்கிறவங்ககிட்ட குடுத்துட்டேன். பொழச்சிக்கிட்டான்."

எந்த வீடு, எப்படி இருக்கிறான், வா போய்ப் பார்க்கலாம் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த நிமிஷமே செருப்பை மாட்டிக்கொண்டு கூட்டிப்போயிருப்பாள். பழசையெல்லாம் மறந்துகூடப் போயிருப்பாள். அதற்குள் கம்ப்யூட்டரில் டிங் என்று ஒரு சத்தம். அவர் சட்டென்று திரும்பிக்கொண்டார்.

"இரு, மொதல்ல இத அழிச்சிடறேன். அந்தக் கரிக் கட்சிக்காரன் பாத்துட்டான்னா மானம் போயிடும்."

அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். எக்ஸ்ரே அக்கா வீட்டுத் தொட்டியில் எடுத்த குண்டனின் படத்தை மகளுக்கு அனுப்பினாள். அனுப்பின கையோடு மகளின் பதில் வந்தது.

'அம்மா, இவன் ஏன் இப்படி எளச்சிட்டான்? வாலுக்கு என்ன ஆச்சு? அப்பா நேத்து அனுப்பின படத்துல நல்லா கொழுகொழுன்னு இருந்தானே?'

'அப்பாவையே கேளு' என்று அனுப்பினாள்.

உள்ளே மேசைமேல் அவருடைய போன் அடித்தது. விசைப்பலகையின் தடதட சத்தம் நிற்கவே இல்லை. போன் அடித்து ஓய்ந்து, திரும்பவும் அடிக்கத் தொடங்கியது.