வழக்கம்போல ஒரு வரி

காசியம்மாளுக்கு மன்னிப்புக் கடிதம் புதிதில்லை. கணவன் இறந்தபின் கருணை அடிப்படையில் செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் கடைநிலை உதவியாளராகச் சேர்ந்து பத்தொன்பது வருஷம். நெம்மேலியிலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். தாமதமானால் விளக்கம் கேட்பார்கள். ‘இனி இவ்வாறு நடவாது, இம்முறை மன்னிக்க வேண்டுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால் அதிகாரி ஒரு கிறுக்கு கிறுக்குவார், அதோடு சரி. பஸ் செய்த குற்றத்துக்கு இவள் மன்னிப்புக் கேட்பதில் அங்கே யாருக்கும் கூச்சமில்லை.

போன ஆடியில் ஒரு நிலக் கோப்பு காணாமல் போனது. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அலுவலகத்தில் அந்த ஆண்டி இவள்தான். பீரோவிலிருந்து கோப்பை எடுத்து வெளியாளிடம் கொடுத்தாள் என்று குற்றச்சாட்டு ஓலை வந்தது. அதில் போட்டிருந்த தேதியில் அவள் அலுவலகத்திலேயே இல்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, மாமல்லபுரத்தில் அண்ணன் பேத்தியின் காதுகுத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

ஓலையோடு கண்காணிப்பாளர் ஜானகிராமனிடம் போனாள். நல்ல மனுஷன். கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் அவர் பேச்சைக் கேட்டிருக்க மாட்டாள்.

“இன்னா சார் இது, அன்னிக்கு நான் லீவாச்சே?”

“லீவு லெட்டரு இங்கதானம்மா கீது, ஆபீசருக்குத் தெரியாதா? விசாரணை வேணுமான்னு கேட்டுக்கீறாங்க பாரு, வேணாம்னு எழுது. வேணும்னா வருஷக்கணக்கா இழுத்துகினு கெடப்பாங்க, பேஜாரு. வழக்கம்போல மன்னிப்புன்னு ஒரு வரி போட்டுக் குட்த்துடு.”

போட்டுக் கொடுத்தாள்.

நாற்பதாம் நாள் ஆணை வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியதாலும், விசாரணை வேண்டாமெனத் தாமே எழுதியதாலும் பணியிலிருந்து நீக்கப்படுகிறார். லீவுக் கடிதம் அதே அலுவலகத்தில் பத்திரமாகத்தான் இருந்தது. அதை எடுத்துப் பார்க்கும் சிரமத்தை அவளே யாருக்கும் வைக்கவில்லை. ஜானகிராமன் தலையைக் குனிந்துகொண்டார். நமக்கு வருகிற ஆத்திரம் அவளுக்கு வரவில்லை. ஆணையை வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டாள், டீ கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்தாள், பஸ் ஏறினாள்.

பிறகும் மரத்துப்போய்த்தான் இருந்தாள். விடிந்ததும் குளித்துப் புடவை கட்டி உட்கார்ந்துகொள்வாள். பஸ் ஹாரன் கேட்கும். எழுந்திருக்க மாட்டாள். சோறு போட்டால் சாப்பிட்டாள்.

மகள் வரலட்சுமிதான் தன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வக்கீலைப் பார்த்து வந்தாள். மேலதிகாரிக்கு முறையீடு செய்யலாம், அதற்குப் பத்து நாள்தான் பாக்கி.

“நான் சொல்லச் சொல்ல நீயே எழுதும்மா. உன் கையெழுத்தாலதான வேல போச்சு, அதாலயே கேப்போம்.”

தேதி, லீவு, காதுகுத்து, கேட்காமல் விட்ட விசாரணை எல்லாவற்றையும் மகள் சொல்ல, காசியம்மாள் குண்டு குண்டாக எழுதினாள். வாங்கிப் படித்த வரலட்சுமி கடைசியில் நின்றாள். மகள் சொல்லாத ஒரு வரி அங்கே இருந்தது: ‘இம்முறை மன்னிக்க வேண்டுகிறேன்.’

“இன்னாத்துக்கும்மா இது?”

“மேலதிகாரிக்கு எழுதறோம், அது இல்லாம எப்டிடி முடிக்கிறது?”

வரலட்சுமி இன்னொரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தாள். காசியம்மாள் முதலிலிருந்து எழுதினாள். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

“அப்போ, நான் தப்பே பண்ணலன்னு எழுதலாமாடி?”