பித்தளைக் கோதும் பிழைச்ச வெடியும்

துவக்கும் தோட்டாவும் விக்கிற கடையில வேலை எண்டு சொன்னால் எங்கட சனம் ஒரு அடி பின்னுக்குப் போய் நிண்டுதான் கதைக்கும். தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில ரொறன்ரோவில வேலை தேடி அலைஞ்ச உங்களுக்கு நான் சொல்ல வாறது விளங்கும், கிடைச்சதைப் பிடிச்சம். அஜின்கோர்ட்டுச் சாப்பாட்டுக் கடையளில கோப்பை கழுவினவையும் என்னை இளக்காரமாத்தான் பாத்தவை.

என்ர மனுசி வசந்தி மட்டும் ஒண்டும் சொல்லேல்லை. அவளின்ர தம்பி ஊரில, சந்தியில துவக்கு வெடி பட்டுச் செத்தவன். வேற ஆருக்கோ வைச்ச வெடி, தவறிப் பட்டிட்டுது எண்டுதான் எல்லாரும் சொன்னவை. அந்தக் கதையைப் பிடிச்சுக்கொண்டுதான் அவள் சாப்பிடுறதும் படுக்கிறதும்.

தராசோட வந்த கிழவர்

குறிபாத்துச் சுடுற போட்டிக்காரர் சுட்ட தோட்டாவின்ர வெறுங்கோதை எறியமாட்டினம். அந்தப் பித்தளைக் கோதுக்குள்ள திருப்பி வெடிமருந்து அடைச்சு, முனையில புதுச் சன்னக் குண்டு வைச்சுச் சுடுவினம். அதுக்குக் கோதெல்லாம் ஒரே எடையா இருக்கவேணும். பின்லாந்துக் கோது ஒண்டுக்கொண்டு அச்சொட்டா இருக்கும், விலைதான் கழுத்தை அறுக்கும். அமெரிக்கக் கோது மலிவு. நிறைய வாங்கி, நிறுத்துப் பொறுக்கவேணும்.

வோல்டர் எண்டு ஒரு கிழவர், பஸ் ஓடிப் பென்சன் எடுத்தவர், சொந்தத் தராசையே கடைக்குக் கொண்டுவந்திடுவார். மேசையில கோதுகளைப் பரப்பி ஒவ்வொண்டா நிறுப்பார். முதலாளிக்குப் பத்திக்கொண்டு வரும். "உதுக்குள்ள என்ன வித்தியாசத்தைக் கண்டனீங்கள்?" எண்டு ஒருநாள் நான் வாய்விட்டுக் கேட்டிட்டன். கிழவர் தலை நிமிராமல் சொன்னார்: "என்ர மனுசியை இப்பிடிப் பாத்து எடுத்திருந்தா நான் இஞ்ச வந்து நிக்கத் தேவையில்லை."

ஆரின்ர பிழை?

இன்னொருத்தன் பல் டொக்டர். போட்டியில தோத்துப்போட்டு, தான் குறிவைச்சுச் சுட்ட கடதாசியைக் கொண்டந்து எங்கட மேசையில விரிச்சான். நாலு ஓட்டை ஒண்டோடொண்டு ஒட்டிக்கொண்டு கிடக்குது, ஐஞ்சாவது கொஞ்சம் விலத்தி. மலிவைப் பாத்துக் கோது வாங்கினதுதான் பிழையாம். அண்டைக்குக் காத்து அடிச்சிருக்கும் எண்டு முதலாளி சமாதானம் சொன்னார். டொக்டர் விட்டானே? "காத்துமில்லை, கையுமில்லை. நான் சரியாத்தான் சுட்டனான்; கோதுதான் சன்னத்தை வேற பக்கம் கொண்டுபோனது."

சாப்பாட்டு மேசையில

சிரிப்புக் கதையெண்டு நினைச்சு அதை வீட்டை வந்து சொன்னன். வசந்தி சிரிக்கேல்லை. கறி அள்ளின அகப்பை அப்பிடியே நிண்டுது. "அப்ப கோது பிழைச்சா, ஒருத்தனுக்கு வைச்ச வெடி இன்னொருத்தனில படுமோ?" எண்டு கேட்டாள். இவ்வளவு காலத்தில தம்பியின்ர சாவைப் பற்றி அவள் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல்.

அந்த இடத்தில நான் புருசனா இருந்திருக்கவேணும். கடைக்காரன்ர வாய், கேக்குமே? "சீச்சீ, எவ்வளவு கழிசல் கோதெண்டாலும் நூறு யார் தூரத்துக்கு ஒண்டு ரண்டு அங்குலம்தான் விலத்தும்" எண்டு சொல்லிப்போட்டன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னனெண்டு விளங்கிச்சுது. காத்து, கை நடுக்கம் எண்டு என்னென்னவோ சொல்லி மழுப்பிப் பாத்தன். அவள் அகப்பையைச் சட்டிக்குள்ள வைச்சிட்டுச் சொன்னாள்: "தம்பி தனியத்தானே நிண்டவன். பக்கத்தில ஆரும் நிக்கேல்லையே."

கடையில எத்தினை பேருக்கோ பொய்யும் புரட்டும் சொல்லிக் கோது வித்த எனக்கு, வீட்டில "ஓம், படும்" எண்டு ஒரேயொரு பொய் சொல்ல வாய் வரேல்லை, பாருங்கோ.