ஆறாவது கம்பித் துண்டு

விமான எஞ்சினைப் பிரித்து மாட்டுகிற தொழிலில் போல்ட் முடுக்குவது கால்வாசி. முடுக்கியதை எழுதுவதும் எண்ணுவதும் முக்கால்வாசி. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் என் இனத்தவரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கைக்கு மரியாதை இல்லை

ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் லைனில் பத்தொன்பது வருஷம் நின்றவன் நான். நாற்பத்தைந்து வயதில், அதே ரோட்டில் விமான எஞ்சின் ஓவர்ஹால் செய்யும் கம்பெனிக்கு மாறினேன். கழற்றிய பாகங்களைக் கழுவும் பிரிவு, நிரந்தர நைட் ஷிப்ட். நான் வீட்டுக்குள் நுழையும்போது மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். வாசலில் சாவி கைமாறும், அவ்வளவுதான் பேச்சு. தூக்கம் வராத பகல்களில் செல்போன் அகராதியை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் மேனுவலை எழுத்துக் கூட்டிப் படித்தேன். எஞ்சின் மாட்டும் பிரிவுக்குப் போக ஒரு செய்முறைப் பரீட்சை உண்டு. இரண்டே வாய்ப்பு. இரண்டிலும் தோற்றால் ரிட்டயர் ஆகும்வரை கழுவும் தொட்டிதான்.

அந்தப் பரீட்சைக்கான பயிற்சியின் முதல் நாள் ஒரு போல்ட்டைப் பழைய கைப்பழக்கத்தில் முடுக்கிவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தேன். மாட்டும் பிரிவின் டெக்னீஷியன் தேவராஜ், என்னைவிடப் பத்து வயது சின்னவன், அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, எவ்வளவு முடுக்கினோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை நீட்டினான். "அண்ணே, உன் கைய நம்பி எவனும் பிளேன்ல ஏற மாட்டான். இத்த புடி."

பின்னல்

எஞ்சின் அதிர்வில் போல்ட் கழன்றுவிடாமல் இருக்க, அதன் தலையில் உள்ள துளையில் மெல்லிய எஃகுக் கம்பியைக் கோத்து, முறுக்கி, பக்கத்துப் போல்ட்டோடு கட்டுவார்கள். ஒன்று தளர்ந்தால் மற்றது இழுத்துப் பிடிக்க வேண்டும். வீட்டில் ஒரு பலகையில் போல்ட்டுகளை அடித்து இரண்டு மாதம் முறுக்கினேன். விரல் நுனியெல்லாம் கீறல்.

முதல் பரீட்சை பயிற்சிப் பலகையில் நடந்தது. கம்பி ஒரு சீராக, பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளையின் சடை மாதிரி விழுந்தது. இன்ஸ்பெக்டர் ஸ்டெல்லா மேடம் கையால் தொடக்கூட இல்லை. கம்பியை நான் எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தேன். அது போல்ட்டை இறுக்கும் பக்கம் இழுக்காமல் கழற்றும் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. "ரொம்ப அழகா இருக்கு, முருகேசன். ஆனா போல்ட்டு கழண்டு வர்றதுக்குத்தானே உதவி பண்ணியிருக்கீங்க?"

பஸ் நிற்கிறது

எங்கள் டூல் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். ஷிப்ட் முடியும்போது ஒரு பள்ளம் காலியாக இருந்தாலும் யாரும் வெளியே போக முடியாது. காணாமல் போன கருவி எஞ்சினுக்குள் சிக்கியிருந்தால், பறக்கும்போது உள்ளே சுழலும் பிளேடுகளைச் சிதைத்துவிடும். ஒரு காலை, எஞ்சின் இடுக்குகளைப் பார்க்கும் கைக்கண்ணாடி ஒன்றைக் காணவில்லை. முக்கால் மணி நேரம் தரையில் தவழ்ந்து தேடினோம். கடைசியில் அது துடைக்கும் துணி மூட்டைக்குள் இருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் வெளியே ஆரன் அடித்து ஓய்ந்திருந்தது. ஏறியதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார். "இன்னாயா, உள்ள ஏரோப்ளேன் ரிப்பேர் பண்றீங்களா, இல்ல கண்ணாமூச்சி ஆடினுகீறீங்களா?"

ஐந்துதான் இருக்கிறது

இரண்டாவது பரீட்சை உண்மையான எஞ்சினில். ஆறு இடத்தில் கட்டினேன். இந்த முறை திசையும் சரி, இறுக்கமும் சரி. மேடம் ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். நான் வெட்டிய கம்பி நுனிகளைப் போடும் டப்பாவை மூடப் போனேன். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு துண்டு, ஆறு இருக்க வேண்டும். ஐந்துதான் இருந்தது. மறுபடி எண்ணினேன். ஐந்துதான்.

நெல் அளவு கம்பி. யாரும் பார்க்கவில்லை. பேனா தாளைத் தொட இருந்தது. கழுவும் தொட்டியின் மண்ணெண்ணெய் வாடை அப்போதே மூக்கில் ஏறியது. "மேடம், ஒரு துண்டு குறையுது" என்றேன்.

தேடி முடிக்கும்வரை யாரும் தொடக் கூடாது என்று எஞ்சினுக்குச் சிவப்புச் சீட்டு கட்டினார்கள். பாம்பு மாதிரி வளையும் கேமராவை உள்ளே விட்டார்கள். இரண்டரை மணி நேரம். துண்டு உள்ளே போகவில்லை. வெளிப்புறத்தில், இரண்டு எண்ணெய்க் குழாய்களுக்கு நடுவே படுத்திருந்தது. தேவராஜ் அதை இடுக்கியில் தூக்கிப் பார்த்தான். "அண்ணே, வாய மூடிக்கினு இருந்திருந்தா இந்நேரம் நீயும் வூட்ல, நானும் வூட்ல."

சிவப்பு மை

வெட்டிய துண்டைத் தவறவிட்டால் தோல்வி என்பது விதி. மேடம் என் கண் முன்னாலேயே சிவப்பு மையில் 'ஃபெயில்' என்று எழுதினார். நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தேன். அவர் தாளைத் திருப்பி, பின்பக்கம் நாலு வரி எழுதி, மேனேஜருக்குப் போகும் தட்டில் வைத்தார். இன்னொரு வாய்ப்புத் தரச் சொல்லிச் சிபாரிசு. இதுவரை யாருக்கும் எழுதியதில்லையாம். "உக்காருங்க, முருகேசன். முறுக்கறதுக்கு எவனை வேணாலும் பழக்கிடலாம். குறையுதுன்னு சொல்றவன நான் எங்க போய்த் தேடுவேன்?"

ஆக, இந்தத் தொழிலில் நான் முதல் தடவை தோற்றது கை தப்பாகச் செய்ததால், இரண்டாம் தடவை தோற்றது வாய் சரியாகச் செய்ததால். மூன்றாவது பரீட்சை வருகிற வியாழக்கிழமை.