ஒரு கட்டு முருங்கையிலையும் இரண்டு ஆராய்ச்சியும்

இன்று காலை சிசிலியின் பல்லாரோ சந்தையில் என் கடையில் ஒரேயொரு கட்டு முருங்கையிலைதான் மிஞ்சியிருந்தது.

பல்கலைக்கழகத்தில் தாவரங்களை ஆராயும் ஒரு பெண் அதைக் கேட்டாள். சிசிலி மண்ணில் வளரும் முருங்கையில் என்ன சத்து இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.

அதை எடுத்துக் கொடுப்பதற்குள் இன்னொருவர் வந்தார். அதே பல்கலைக்கழகம், மொழித்துறை. சந்தையில் யார் எந்தக் கீரையை என்ன பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் என்று பதிவு செய்கிறாராம். "சிஞ்ஞோரா" என்று மரியாதையாக அழைத்து, "இதன் பெயரை இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று போனை என் வாய்க்குக் கிட்ட நீட்டினார்.

இருவருக்கும் அடுத்தடுத்த கட்டடத்தில்தான் வேலை. ஆனால் கைகுலுக்கி அறிமுகமானது என் கத்தரிக்காய்ப் பெட்டிக்கு மேலே.

அவர்கள் கதைத்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு ரீத்தா அக்கா வந்து கட்டைத் தூக்கித் தன் பையில் வைத்துவிட்டார்.

"அக்கா, அது ஆராய்ச்சிக்கு!"

"ஓம், நானும் அதுக்குத்தான் கொண்டு போறன். நண்டுக் குழம்புக்குள்ள போட்டுப் பாக்கப் போறன். முடிவு தெரியவேணுமெண்டா ரெண்டு பேரையும் மத்தியானம் வீட்டை வரச் சொல்லு."

சொன்னேன். போய்விட்டார்கள்.

இரண்டு துறையும் இப்போது அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. இலையை விற்ற என்னை மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை. இதை எந்தத் துறையில் முறையிடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.